பஸ் பாஸுக்காக வழங்கப்படுகிறது

இந்த நாட்டுக்கு வந்த இருபத்துமூன்று ஆண்டுகளில், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள்களைவிடப் படிக்காமல் போட்ட தாள்களே எனக்கு அதிகம். ஷார்ஜாவில் குடிநுழைவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் வரிசையாக டைப்பிங் கடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கீழக்கரைக்காரரான ஜமால் பாயினுடையது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் அரபியில் தட்டுவார். என் பெயர், என் தொழில், என் மனைவி யார், எத்தனை பிள்ளைகள் எல்லாம் வலமிருந்து இடமாக ஒரு தாளில் வந்து விழும். அவர் விரலை வைக்கும் இடத்தில் நான் கையெழுத்திடுவேன். எனக்கு வேலை ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில், டாக்குமெண்ட் கண்ட்ரோலராக. அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் கடிதத்துக்கும் எண் கொடுத்து, முத்திரை குத்தி, படிக்க வேண்டியவர் படித்தாரா என்று பார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் பொறுப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட்ட பொறியாளர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அதே நான், அலுவலகம் விட்டதும் ஜமால் பாய் கடைக்குப் போய், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் என் குடும்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

ஊரில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து முதலில் சொல்வது, உங்களுக்கென்ன, வரி கிடையாது என்பதுதான். உண்மை. என் மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனை ஒவ்வொரு வருடமும் வருமான வரிப் படிவத்தில் ‘சார்ந்திருப்பவர்’ என்று காட்ட, அவன் முழுநேர மாணவனா, யார் வீட்டில் இருக்கிறான், யார் செலவில் சாப்பிடுகிறான் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள் என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேள்வி இங்கேயும் அதேதான். வளர்ந்த பிள்ளை இன்னும் உன் கையில் இருக்கிறானா, இல்லையா? அவருக்குப் பதில் தவறினால் கொஞ்சம் வரி கூடும். எங்களுக்குத் தவறினால் பிள்ளை வீட்டுக்குள் வர முடியாது. மகளுக்குத் திருமணம் ஆகும்வரை அப்பாவின் விசா செல்லும். மகனுக்குப் பதினெட்டு வயதுவரைதான். அதற்கு மேல், படித்துக்கொண்டிருக்கிறான் என்று வருடத்துக்கு ஒருமுறை நிரூபித்தால், வருடத்துக்கு ஒருமுறை நீட்டித்துத் தருவார்கள். என் மகள் நித்யாவுக்கு இருபத்திரண்டு வயது. தம்பிக்காக நான் தாள்களை அடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கு ஒரு பேப்பரும் தேவையில்ல பாத்தீங்களாப்பா? கல்யாணம் பண்ணாம இருந்தாலே போதும்” என்பாள். அவள் அம்மா செல்வி அடுக்களையிலிருந்தே, “இருடி, அதுக்கும் ஒரு சர்டிபிகேட் கேக்கத்தான் போறாங்க” என்பாள்.

மகன் அருண் ஷார்ஜாவில் பிறந்தவன். பிறந்த நூற்றிருபது நாளுக்குள் பாஸ்போர்ட் எடுத்து விசா வாங்க வேண்டும் என்று, கழுத்து நிற்காத குழந்தையைப் புகைப்படக் கடையில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்து, ஸ்டூலின் மேல் ஏறி நின்று படம் எடுக்கச் செய்தேன். பள்ளிக்கூடம் இங்கேதான். அரபி அவனுக்குக் கட்டாயப் பாடம். என்னால் முடியாததை அவன் சரளமாக வாசிப்பான். தமிழ், வீட்டில் பேசுகிற அளவுக்கு. பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்தோம். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா தானாகவே செத்துவிடும் என்பதால், டிசம்பரில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். முதல் வருடம் சிக்கல் இல்லை. பள்ளிச் சான்றிதழும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் போதுமென்று வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்வது இரண்டாவது வருடத்துக் கதை. வார விடுமுறை வியாழன் வெள்ளியிலிருந்து வெள்ளி சனிக்கு மாறியதற்கு அடுத்த கோடை.

அந்த முறை, கல்லூரியிலிருந்து அவன் மாணவன்தான் என்று போனஃபைடு சர்டிபிகேட் வேண்டும், அது இந்தியாவில் மூன்று இடத்தில் சான்றொப்பம் பெற்று வர வேண்டும் என்றார்கள். ஏப்ரலிலேயே அருணிடம் சொல்லிவிட்டேன். அவன் வாங்கிச் சென்னையில் ஒரு ஏஜெண்டுக்கு அனுப்பினான். ஏஜெண்டு அதைக் கோட்டைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து டில்லிக்கு, டில்லியில் இந்த நாட்டுத் தூதரகத்துக்கு. மே கடைசியில் கூரியரில் என் கைக்கு வந்தது. முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் மூன்று என முத்திரைகள். பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டேன். பிறந்த தேதி, என் பெயர், பாடப்பிரிவு, வருடம், முதல்வர் கையெழுத்து, ஒவ்வொரு முத்திரையின் தேதி, அந்தத் தேதிகளின் வரிசை. எல்லாம் சரி. இங்கே வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கி, சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அரபியில் மொழிபெயர்த்து வாங்கினேன். ஜூன் முதல் வாரம் அருண் வந்தான். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. விசா முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. கல்லூரி திறக்க ஒன்பது நாள். ஜமால் பாய் விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்து, “இன்னிக்கே முடிஞ்சிடும் சார். பையனயும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார்.

கவுன்ட்டரில் இருந்தது ஓர் இளம் அரபுப் பெண். சாந்தமாகப் பேசினாள். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பியவள், மொழிபெயர்ப்பில் நின்றுவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தாளைச் சரித்துக் காட்டினாள். இருவரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், இது பஸ்ஸுக்கு என்றாள். எனக்குப் புரியவில்லை. எங்களிடம் கார் இருக்கிறது, காரில்தான் வந்தோம் என்று பதில் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அரபித் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தாள். என்னால் அதை வாசிக்க முடியாது. பக்கத்தில் நின்ற அருண் எட்டிப் பார்த்து வாசித்தான். அவன் முகம் மாறியது. “அப்பா, ஒரிஜினலப் பாருங்க. கடைசி லைன்” என்றான்.

பார்த்தேன். மேற்படி மாணவர் எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறார் என்பதற்குக் கீழே, இந்தச் சான்றிதழ் அவர் பஸ் பாஸ் பெறுவதற்காக வழங்கப்படுகிறது என்று இருந்தது. ஆங்கிலத்தில், தெளிவாக, தட்டச்சில். சென்னை அரசாங்கமும் டில்லி அரசாங்கமும் தூதரகமும் அதற்குச் சான்று கொடுத்திருந்தன.

எங்கள் ஊரில் எல்லாச் சான்றிதழிலும் அதற்கான காரணத்தை எழுதுவார்கள், அது ஒரு வழக்கம், விசாவுக்கும் இது பொருந்தும் என்று அவளிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஸ்டூடண்ட் இஸ் ஸ்டூடண்ட். வொய் ரைட் பஸ்?” என்றாள். நான் மறுபடியும் தொடங்கினேன். “ஹி இஸ் ஸ்டூடண்ட் ஒன்லி ஃபார் பஸ்?” என்றாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். பின்னால் நின்ற பாகிஸ்தானி டோக்கன் சீட்டால் கவுன்ட்டரைத் தட்டத் தொடங்கிவிட்டார். இக்காமாவுக்கென்று, அதாவது குடியிருப்பு விசாவுக்கென்று, எழுதிய கடிதம் கொண்டுவாருங்கள், பஸ் வேண்டாம், கலாஸ், முடிந்தது என்று தாள்களை ஒன்றாக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தித் திருப்பிக் கொடுத்தாள். அவள் சமப்படுத்திய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காருக்குள் உட்கார்ந்ததும் அந்தத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அந்த வரி என் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? யோசித்தால் காரணம் தெரிந்தது. விருதுநகரில் நான் படித்த காலத்தில் போனஃபைடு வாங்கப் போனால், எழுத்தர் தலை நிமிராமல் “எதுக்கு?” என்பார். பஸ் பாஸ், உதவித்தொகை, ரேஷன் கார்டு, ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் எழுதிக் கொடுப்பார். ரேஷன் கார்டுக்கு என்று வாங்கிய சான்றிதழை வைத்து ஆதிதிராவிடர் நலத்துறையில் உதவித்தொகைக்கு மனுப் போட்டு, அது கிடைக்கவும் செய்தது. அந்த அலுவலர் தாளைப் பார்த்தார், முத்திரையைத் தடவினார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக் காலர், செருப்பு, கையில் இருந்த நோட்டு. படிக்கிற பையன்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரியை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது, கடிதத்தில் ‘ஐயா’ என்பதுபோல இருந்தே தீரும் ஒரு வரி. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தக் கண்ணும் அதைத் தாண்டித்தான் போகும். சென்னை ஏஜெண்டு தாண்டினார். ஜமால் பாய் தாண்டினார். நானும் தாண்டினேன். தாண்டாதவர் அந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். இங்கே ஆளைப் பார்ப்பதில்லை. படிக்கிற பையன் கண்ணெதிரே நின்று அரபி வாசிக்கிறான். அதைப் பார்க்கக் கவுன்ட்டர் பெண்ணுக்கு அதிகாரம் இல்லை. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். “ஒரு வரிடா. ஒரே ஒரு வரி. வாங்கும்போது படிச்சுப் பார்த்திருக்கலாம்ல?”

“நீங்களும்தான் படிச்சீங்க” என்றான் அருண்.

செல்வி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். அது அவளுடைய கோபம். அருண் நடந்ததைச் சொன்னான். பஸ் பாஸுக்கான சான்றிதழ்கள் அவன் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்தோடு கட்டாக இருக்குமாம். பெயரை அடித்து உடனே கொடுத்துவிடுவார்கள். வேறு காரணம் என்றால் மனு எழுத வேண்டும், துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், முதல்வர் என்று மூன்று நாள் அலைய வேண்டும். அவனுக்கு மறுநாள் தேர்வு. எல்லாவற்றிலும் நான் ஸ்டூடண்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று நினைத்து, பஸ் பாஸ் என்று சொல்லி வாங்கிவிட்டான். பிறகு, “விசாக்குன்னு கேட்டா அந்த கிளார்க் சத்தமா சொல்லுவாருப்பா. ஏய் துபாய், உனக்கு இங்க என்ன வேலை, அங்கயே இருக்க வேண்டியதுதானேன்னு. க்யூல எல்லாரும் சிரிப்பாங்க. ஐ ஜஸ்ட் டிடின்ட் வான்ட் தட்” என்றான். அவனுக்கு அங்கே துபாய் என்று பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஷார்ஜா என்றுகூட இல்லை.

ஒரு தாளை எடுத்து நாட்களை எழுதினேன். புதிய சான்றிதழ் கல்லூரி திறந்த பிறகுதான் கிடைக்கும். மனு போட்டுக் கையெழுத்து வாங்க மூன்று நாள், சென்னை, டில்லி, தூதரகம், கூரியர் எல்லாம் சேர்த்து நான்கு வாரம். விசா முடிந்த பிறகு இங்கே முப்பது நாள் சலுகை உண்டு. அவன் நாட்டுக்குள் இருந்தால் அதற்குள் முடித்துவிடலாம். இரண்டு நாள் மிச்சம்கூட இருக்கும். ஆனால் விசா ஒட்டப் பாஸ்போர்ட்டும் ஆளும் இங்கே இருக்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட ஆள் அங்கே இருக்க வேண்டும். சரி, நண்பன் யாரையாவது வைத்து மனுவை முடித்துக்கொள்ளலாம் என்றால், ஐந்து வாரம் வகுப்புக்குப் போகாதவனுக்கு எழுபத்தைந்து சதவீத வருகை வராது. தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாதவனை முழுநேர மாணவன் என்று எந்தக் கல்லூரி எழுதிக் கொடுக்கும்? எந்த வழியில் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நித்யா அந்தத் தாளை வாங்கி, என் கூட்டலை மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் நான் செய்த காரியத்தை எழுதத்தான் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு வயதான சூடானியர். அவரிடம் போய், கடைசி வரி முக்கியமில்லை, அதை விட்டுவிட்டு இன்னொரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அலுவலகத்தில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், அவர் பெயரை எழுதி மேலே அனுப்பியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மூலத்தாளைத் திருப்பி, பின்பக்கத்து முத்திரைகளை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். “திஸ் பீப்பிள் ஆல் சைன் ஃபார் பஸ்” என்றார். பிறகு தன் மார்பைத் தொட்டு, “மீ ஆல்சோ” என்றார். எனக்குத் தேநீர் சொல்லவா என்று கேட்டார். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

ஜமால் பாய்தான் வழி சொன்னார். அது வழியா என்று தெரியவில்லை. “வெளிய இருக்கும்போது விசா முடிஞ்சா சிஸ்டத்துல தொங்கும் சார். அப்புறம் விசிட் விசா போட்டாலும் ரிஜெக்ட் ஆவும். பையன் உள்ள இருக்கும்போதே நீங்களே கேன்சல் பண்ணிடுங்க. கிளீனா போயிடும்” என்றார். வேறு யாராவது செய்தால் பரவாயில்லை. மகனின் விசாவை ரத்து செய்யக் கோரும் மனுவை அப்பா கொடுக்க வேண்டும், ஏனென்றால் விசா எடுத்துக் கொடுத்தவர் அப்பா. நான் இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பதில் அருண் முடிவு செய்தான். “கேன்சல் பண்ணிடுங்கப்பா. ஐ வில் பி ஃபைன். இன்னும் மூணு வருஷம், ஒவ்வொரு வருஷமும் இதே டென்ஷன். படிச்சு முடிச்சா எப்படியும் கேன்சல்தானே?”

“படிச்சு முடிச்சு நீயே வேலை வாங்கி நீயே விசா எடுத்தா அது வேற. இப்ப நான் என் கையால வெட்டி விடணுமாடா?”

“நீங்க வெட்டலப்பா. பேப்பர்தான்.”

பத்தொன்பது வயதுப் பையன் எனக்குச் சமாதானம் சொல்கிறான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்தோம். அதே பெண்தான் கவுன்ட்டரில் இருந்தாள். எங்களை நினைவில் வைத்திருந்தாள். கடிதம் வந்ததா என்று கேட்டாள். இல்லை, ரத்து செய்ய வந்திருக்கிறோம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அருணைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்தாள். சான்றிதழுக்கு இரண்டு மாதமும் நான்கு அலுவலகமும் ஆயிற்று; இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விமான நிலையத்தில் செல்வி அவனிடம் சாப்பாடு, துணி, வருகைப்பதிவு என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை.

டிசம்பரில் அவனுக்கு விடுமுறை வந்தது. நவம்பர் கடைசியில் ஜமால் பாய் கடைக்குப் போய், அவனுக்கு விசிட் விசாவுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். இந்த முறை ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவரும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். அழைப்பவர், நான். உறவு, மகன். வருகையின் நோக்கம், குடும்பத்தைப் பார்க்க. பிறந்த இடம் என்று கேட்டார். ஷார்ஜா என்றேன். தட்டினார். தங்கப்போகும் இடம் என்றார். ஷார்ஜா என்றேன். தட்டிக்கொண்டிருந்த விரல் ஒரு கணம் நின்று, மறுபடியும் தட்டியது.

“ஊர்ல நிரந்தர முகவரி சொல்லுங்க சார்.”

விருதுநகர் வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து விற்றுப்போய்ப் பல வருடம் ஆகிறது. எங்களுக்கென்று அங்கே ஒரு கதவு இலக்கம் கிடையாது. அவனுடைய விடுதி முகவரியைச் சொன்னேன். ஆண்கள் விடுதி, பி பிளாக், அறை 214.

“ஹாஸ்டலயா நிரந்தரம்னு போட?”

“போடுங்க பாய். இன்னும் ரெண்டரை வருஷத்துக்கு அவன் அங்கதான்.”

போட்டார். அடுத்து அழைப்பவரின் நிரந்தர முகவரி. இந்த நாட்டில் வீட்டுக்குத் தபால் வராது. எல்லோருக்கும் தபால் பெட்டி எண்தான். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கியிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் இருபத்துமூன்று வருடமாக நான் கொடுத்து வந்த எண்ணையே அப்போதும் சொன்னேன். அது என் கம்பெனியின் பெட்டி. தபால் நிலையத்துச் சுவரில் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அதன் சாவி கம்பெனி டிரைவரிடம் இருக்கும். நான் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை.